மீசையைத் தள்ளி வைத்த கதை

ஆவாரங்காட்டில் சிங்காரம், வைரவன், சொக்கு என்று மூன்று சகோதரர்கள். மூவருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரே ஒரு தங்கையைக் கொடுத்தார். அந்த வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த புத்தியையும் மறக்காமல் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் பெயர் செவந்தி.

செவந்திக்குத் தபால் ஆபீஸில் வேலை கிடைத்தது. புருஷன் சிங்கப்பூரில். கைக்குழந்தை நிலவன் இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. ஒரு வாரம் புதுக்கோட்டையில் தங்கிப் பயிற்சி எடுத்தாக வேண்டும். கிளம்பும்போது அண்ணன்மாரை நிற்க வைத்துத் தெளிவாகச் சொன்னாள். இந்த ஒரு வாரம் பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவன் இங்கேயே வளர்வான். ஏதாவது கோணலாக நடந்தால் திருப்பத்தூரில் நாத்தனார் வீட்டில் விட்டுவிடுவாள்.

வைரவனும் சொக்குவும் தலையாட்டினார்கள். மூத்தவர் சிங்காரத்துக்குத் தலையாட்ட வரவில்லை. காலையில் நிலவன் கை நீட்டி அவர் மீசையைப் பிடித்து இழுத்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். திருப்பத்தூர் என்று கேட்டதும் மீசையை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

அன்றைக்கே போய் ஊர் நர்ஸ் தமயந்தியிடம் யோசனை கேட்டார். விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம், வீட்டு வேலையே போதும் என்றாள் தமயந்தி. எந்த வேலை செய்தாலும் குழந்தையிடம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அவன் சத்தம் கொடுத்தால் பதில் கொடுங்கள். தரையில் குப்புறப் படுக்க விட்டு, உங்கள் முகம் அவன் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி இருங்கள். பிடித்த பொருளைச் சற்றுத் தள்ளி வையுங்கள், நகர்ந்து வந்து எடுப்பான். அவ்வளவுதான்.

அவ்வளவையும் சிங்காரம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து தம்பிகளுக்கு ஒப்பித்தார்.

மறுநாள் சொக்கு தோசை வார்த்தான். அடுப்படி வாசலுக்கு நேரே கூடத்தில் தொட்டில். "மாமா மாவு ஊத்துறேன். மாமா எண்ணெய் விடுறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் எட்டிப் பார்த்தான். குழந்தை தூங்கிவிட்டது. சொக்கு தோசைத் திருப்பியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.

"டேய், கருகுது, திருப்பு" என்றான் வைரவன்.

"யார்கிட்டச் சொல்லிட்டுத் திருப்புறது?"

வைரவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. எழுப்பிச் சொல்லலாமா என்று சிங்காரத்தைக் கேட்டார்கள். நர்ஸ் சொல்லச் சொன்னாளே தவிர எழுப்பச் சொல்லவில்லை என்றார் அவர். அப்படியானால் அடுப்பையாவது அணைக்கலாமா என்றால், அதுவும் ஒரு வேலைதானே. மூவரும் தோசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லவேளையாக சிலிண்டர் யாரிடமும் சொல்லாமல் தானாகத் தீர்ந்துபோனது. குழந்தை விழித்ததும் சொக்கு முறைப்படி தகவல் தெரிவித்துவிட்டு, கரியை மறுபக்கம் திருப்பிப் போட்டான்.

பேச்சுக்குப் பதில் கொடுப்பதும் தவறாமல் நடந்தது. நிலவன் "ங்கா" என்பான். வயசு வரிசைப்படி சிங்காரம் ஒரு "ங்கா", வைரவன் ஒரு "ங்கா", சொக்கு ஒரு "ங்கா". குழந்தை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேசாமல் இருப்பதே மேல் என்று வாயில் விரலை வைத்துக்கொள்ளும்.

பிறகு குப்புறப் படுக்கும் பாடம். பாயில் குழந்தை. அதன் கண்ணுக்கு நேராக, மோவாய் தரையில் பட, மூன்று மாமன்கள். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு ராக்காயி உறைமோர் கேட்டு வந்தாள். நின்றுகொண்டு பேசக்கூடாது, படுத்துக் கேட்கும்படி வைரவன் பணிவாகச் சொன்னான். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று அவளும் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் தெருப் பெண்கள் தேங்காய் பழத்தோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

செவந்தி வருவதற்குள் தவழ வைத்துவிட்டால் பிள்ளையைத் திருப்பத்தூருக்கு அனுப்ப மாட்டாள் என்பது மூவரின் கணக்கு. இவ்வளவு செய்தும் நிலவன் தவழவில்லை. சனிக்கிழமை விடிந்துவிட்டது. செவந்தி அன்றைக்குத் திரும்பி வருகிறாள். சிங்காரத்துக்குக் காப்பி இறங்கவில்லை.

பாக்கி இருந்தது பிடித்த பொருளைத் தள்ளி வைப்பது ஒன்றுதான். கிலுகிலுப்பையை வைத்தார்கள், கரண்டியை வைத்தார்கள், தேங்காய் மூடியை வைத்தார்கள். நிலவன் எதையும் சட்டை செய்யாமல் சிங்காரத்தின் மீசையையே பார்த்தான்.

"அப்ப பொருள் மீசைதான்" என்றான் வைரவன். "எடுத்துப் பாயில வச்சிருவோம்."

சிங்காரம் மறுபேச்சில்லாமல் கத்தரிக்கோலைத் தேடப் போனார். சொக்குதான் தடுத்தான். ஆள் இல்லாமல் மீசை மட்டும் கிடந்தால் பிள்ளை பயந்துவிடும் என்றான். ஆகவே மீசையை ஆளோடு சேர்த்தே தள்ளி வைப்பதென்று முடிவானது. சிங்காரம் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்தார். நிலவன் கையை மட்டும் நீட்டினான். வரவில்லை.

"ஏன் வரலை?"

"பக்கத்துலதானே இருக்கு, அப்புறமா எடுத்துக்கலாம்னு நினைக்கிறான்ணே. ஏக்கம் பத்தலை" என்றான் வைரவன்.

வாசலில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு தெருமுனை டீக்கடையில். சொக்கு ஓடி ஓடி வந்து, இன்னும் அசையவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் சிங்காரத்தைப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் நகரும்போது அவர் ஜன்னல் வழியாக வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழவில்லை.

பயிற்சி முடிந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்த செவந்தி, பெஞ்சில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"பெரியண்ணே, இங்க என்ன செய்றீங்க?"

"பையனைத் தவழ வச்சுக்கிட்டிருக்கேம்மா" என்றார் சிங்காரம்.

செவந்தி அவரை அடுத்த பஸ்ஸில் ஏற்றினாள். ஊர் வரும்வரை அவள் வாய்க்குள் திருப்பத்தூர் பஸ் நேரத்தைக் கணக்குப் போடுவது சிங்காரத்துக்கு நன்றாகவே தெரிந்தது.

வீட்டில் வைரவனும் சொக்குவும் அண்ணனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து குழந்தைக்கு எதிரே குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். இத்தனை நாளும் அந்தப் பிள்ளைக்கு எதிரே எப்போதும் மாமன்மார் தலைகள் சுவர் மாதிரி நின்றதால் போக வழியில்லை. அன்று இருவரும் தூங்கி, ஆளுக்கொரு பக்கம் புரண்டு போனார்கள். நடுவில் ஒரு பாதை கிடைத்தது.

செவந்தி வாசலில் கால் வைத்தபோது, நிலவன் கூடத்தைத் தாண்டித் தவழ்ந்து நிலைப்படியில் கை வைத்திருந்தான். சிங்காரத்தைக் கண்டதும் ஒரு சத்தம் போட்டு, படியைத் தாண்டி வந்துவிட்டான். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். நிலவன் அவர் மடியில் ஏறி இரண்டு கையாலும் மீசையைப் பிடித்துக்கொண்டான். வலியிலா சந்தோஷத்திலா என்று தெரியவில்லை, சிங்காரத்தின் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

செவந்தி பையைக் கீழே வைத்தாள். பிள்ளை எங்கேயும் போகவேண்டாம், மாமன்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சேதி கேட்டு வந்த தமயந்தியும் பார்த்து மெச்சினாள். இனி எழுந்து நிற்பான், நடப்பான், பேசுவான், எல்லாம் ஒவ்வொன்றாக வரும் என்றாள். சகோதரர்கள் மூவரும் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் ஆலோசித்தார்கள்.

மறுநாள் காலை செவந்தி காப்பியோடு வந்தபோது சிங்காரம் வேட்டி சட்டை எல்லாம் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"தவழறதுக்கே புதுக்கோட்டை வரைக்கும் போக வேண்டியதாப் போச்சேம்மா. நிக்கிறதுக்குத் திருச்சி போதும்னு வைரவன் சொல்றான். அங்கேருந்தே மெட்ராஸ் போயி நடக்க வச்சிடுறேன்" என்றார் சிங்காரம். "பேச்சு வர்றதுக்குத்தான் டெல்லி போகணுமாம். அங்க குளிருமாமே, ஒரு கம்பளி இருந்தா எடுத்துக் குடு."