துண்டு போட்ட இடம்

"எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் காவி குடுத்தாச்சு. எனக்கு மட்டும் ஏன் இல்லம்மா?"

கேட்டவர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு, கல்யாணம் கட்டிக்கொள்ளாதவர். ஆற்றங்கரை மடத்துக்கு வந்து மூன்று வருஷமாகிறது.

குரு செங்கமலத்தம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"விடுறதுக்கு நீரு என்ன வச்சிருக்கீரு?"

"எல்லாத்தையும் விட்டாச்சு."

"அப்ப நாளைக்குக் காலையில ஆத்துல எறங்கும்."

அந்த மடத்தில் காவி வாங்க ஒரு முறை உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்று, மனசைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் கரையில் இருப்பவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். இரு கையாலும் தண்ணீரை அள்ளி, "விட்டேன்" என்று ஊற்ற வேண்டும்.

ஆவுடையப்பன் ஏற்கெனவே இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தவர். இரண்டு தடவையும் அம்மாள் காவியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரணம் சொல்வாரா, மாட்டார். குருமார்களுக்கு அது ஒரு வியாதி.

மறுநாள் இறங்கினார். அம்மா. அப்பா. அண்ணன். மளமளவென்று ஊற்றினார்.

"முடிஞ்சுது."

"கையில என்னவாம்?" என்றார் அம்மாள், படியில் உட்கார்ந்தபடி.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். கைகள் தாமாகவே இன்னொரு தடவை அள்ளி வைத்திருந்தன.

"போன ரெண்டு தடவையும் இதே கதைதான். பேரைச் சொல்லும்."

நாற்பத்தோரு வருஷமாக அந்தப் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இசக்கிமுத்து."

"கேக்கல."

இந்த முறை அக்கரையில் துணி துவைத்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு அவரு?" என்று கேட்டார் பூதலிங்கம். போன வருஷம் காவி கட்டியவர். கட்டிய நாளிலிருந்து எல்லாருக்கும் அவர்தான் குரு.

"காலேஜ்ல என்கூடப் படிச்சான். நான் ஆசைப்பட்டவன்."

ஆவுடையப்பன் கையிலிருந்த தண்ணீரைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"ஹாஸ்டல் மொட்டைமாடியில என் கையைப் புடிச்சான். படிக்கணும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். லெட்டர் குடுத்தான். பிரிக்காமத் திருப்பிக் குடுத்தேன். கடைசியா மெட்ராஸ்ல வேலை கெடைச்சுக் கெளம்பினான். பஸ் ஜன்னல் வழியா துண்டைப் போட்டு ரெண்டு எடம் புடிச்சான். 'ஏறுல'ன்னான். நான் கீழயே நின்னேன். துண்டு கெடந்த எடம் காலியாவே போச்சு."

"இப்ப எங்க இருக்காரு?" என்றார் அம்மாள்.

"தெரியாது. இருக்கானான்னே தெரியாது."

பூதலிங்கம் பெரிய மனசு பண்ணினார்.

"பாவத்தை வாய்விட்டுச் சொல்லிட்டீரு. நல்லது. ஊத்திட்டு மேல வாரும்."

ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்த கோபம்.

"எதுவே பாவம்? அவன் மேல ஆசைப்பட்டதா? நான் பண்ணின பாவம் ஒண்ணே ஒண்ணுதான். அந்த பஸ்ல ஏறல."

"விடும்," என்றார் அம்மாள்.

"மாட்டேன்."

"காவி கெடைக்காது."

"வேண்டாம். கிட்ட இருந்தப்ப ஒரு நாள்கூட அவனை என்னோடவன்னு சொல்லல. இப்பச் சொல்லிட்டேன். விட மாட்டேன்."

குவித்த கையை வாயருகே கொண்டுபோய், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். பிறகு ஈரம் சொட்டச் சொட்டப் படியேறினார்.

அம்மாள் எழுந்து காவி வேட்டியை அவர் கையில் வைத்தார்.

"அம்மா, அவரு விடலியே," என்று பதறினார் பூதலிங்கம்.

அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒம்பதரைக்கு மெட்ராஸ் பஸ் வரும். கூட்டமா இருக்கும்," என்றார் ஆவுடையப்பனிடம். "ஜன்னல் வழியா இதைப் போடும். ரெண்டு எடமாப் புடியும்."