தறிக்கு ஒரு நோட்டீஸ்

மேனேஜர் திருவேங்கடநாதனைக் கண்டு பயப்படாத ஆள் எங்கள் மில்லில் ஒருத்திதான், டைப்பிஸ்ட் செங்கமலம்.

மறுநாள் வெளிநாட்டு வியாபாரிகள் மில்லைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். இருநூறு தறிகளிலும் மாட்ட, 'தொடாதீர்கள்' என்று இங்கிலீஷில் நோட்டீஸ் அடித்திருந்தாள். மேனேஜர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"'டோன்ட்'டா? அரைகுறை இங்கிலீஷ்! 'டூ நாட்'னு முழுசா அடி. என் ஆபீஸ்ல எதையும் சுருக்கக் கூடாது. நாலு மணிக்குள்ள இருநூறும் வரணும். இல்லேன்னா நாளைலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"கம்பெனி லெட்டருக்குத்தான் சார் முழுசா எழுதணும். நோட்டீசுக்கு 'டோன்ட்' சரிதான்."

அவர் கேட்கவில்லை.

நாலு மணிக்கு ஒரு ஃபைலோடு போய் நின்றாள். ஆபீஸே எட்டிப் பார்த்தது. மேனேஜர் கையெழுத்தில்லாமல் எங்கள் மில்லில் ஒரு நோட்டீஸும் மாட்ட முடியாது. அவர் பேனாவைத் திறந்து, வழக்கம்போல 'கே.எம்.டி.' என்று இனிஷியல் போட்டார்.

"சுருக்கிட்டீங்களே சார்!" என்றாள் செங்கமலம்.

அத்தனை பேர் பார்க்கிறார்களே! ஊர்ப்பெயர், அப்பா பெயர், தன் பெயர் எல்லாம் சேர்த்து 'காட்டுமன்னார்கோயில் மகாலிங்கம் திருவேங்கடநாதன்' என்று முழுசாக எழுதினார். எட்டாவது தாளில் விரல் மரத்துப்போனது.

"சரி, பழைய நோட்டீஸையே கொண்டா. இனிஷியல் போட்டுத் தர்றேன். இந்த இருநூறையும் எடுத்துட்டுப் போ."

"இருநூறு ஏது சார்? பத்துதான் அடிச்சேன்," என்றாள் செங்கமலம். "அதுலயே ரெண்டு மிச்சம்."