பச்சை மட்டும்

"லாபத்துக்கு மட்டும் வரியாம். நஷ்டத்தைக் கண்ணால பார்க்கவே மாட்டாங்களாம். இது எந்த ஊரு நியாயம், ஆடிட்டரம்மா?"

கேட்டவர் இசக்கியப்பன். தென்காசியில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். ஐம்பத்து மூன்று வயது. ரெண்டு வருஷமாகக் கடையில் உட்கார்ந்து பேட்டரி விற்றதைவிட, கைபேசியில் கிரிப்டோ காயின் வாங்கி விற்றதுதான் அதிகம்.

ஆடிட்டர் ஜெபக்கனிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். வரி நோட்டீஸை ஒருமுறை படித்தாள். மடித்து வைத்தாள்.

"சட்டம் அப்படித்தான் இருக்கு, அண்ணாச்சி. ஒரு காயின்ல வந்த லாபத்துல இன்னொரு காயின்ல போனதைக் கழிக்க முடியாது."

"பதினாலு லட்சம் வந்துச்சு. பதினஞ்சரை போச்சு. இதுல நாலு லட்சத்து இருபதாயிரம் வரி கட்டுன்னா, கடையைத்தான் விக்கணும்."

"வாங்கினது, வித்தது எல்லாத்துக்கும் ரெக்கார்டு இருக்கா?"

"போனதைக் கழிக்கவே மாட்டான்னு சொல்லுதிய. பெறவு ரெக்கார்டு எதுக்கு?"

"வாங்கின விலை தெரிஞ்சாத்தானே லாபமே எவ்வளவுன்னு தெரியும். காட்டுங்க."

கைபேசியை நீட்டினார்.

அவர் வியாபாரம் பண்ணிய செயலி மூடிப்போய் எட்டு மாசம். மிச்சம் இருந்தது ஸ்கிரீன்ஷாட்தான். மொத்தம் நாற்பத்தொன்று.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் பச்சை. எல்லாம் லாபம்.

"சிவப்பு எங்கே?"

"அதை யாராவது போட்டோ எடுப்பாங்களா?" இசக்கியப்பன் சிரித்தார். "இது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்க எடுத்தது. சொந்தக்காரப் பயலுவ கொஞ்சம் வயிறு எரியட்டுமேன்னு."

அவள் சிரிக்கவில்லை.

அவரும் நிறுத்திக்கொண்டார்.

"சரி, விடுங்க. கடையை விக்க மாட்டேன். என் மச்சினன் ஆவுடையப்பன் இருக்கான். வீடு கட்ட ஆறு லட்சம் சேர்த்து வச்சிருக்கான். அத்தான்னா அவனுக்கு உசுரு. கைமாத்தாக் கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டான்."

ஜெபக்கனி மேசை இழுப்பறையைத் திறந்தாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நேத்து அவரும் இங்க வந்தாரு. நீங்க வந்தா இதைக் காட்டச் சொன்னாரு. நேர்ல சொல்ல வாய் வரலையாம்."

மச்சினன் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு கட்டம். தேதி. காயின். தொகை. ஏன் வாங்கினேன்.

"ஏன் வாங்கினேங்கிறதையுமா எழுதச் சொல்லுதிய?"

"நான் சொல்லலை. அவரா எழுதியிருக்காரு."

முதல் வரி, கடைசிக் கட்டம்: அத்தான் ஸ்டேட்டஸ்.

ரெண்டாவது வரி: மேற்படி.

மூன்றாவது: மேற்படி.

பக்கத்தைத் திருப்பினார். மேற்படி. இன்னொரு பக்கம். மேற்படி, மேற்படி. தேதிகள் அவருக்குத் தெரிந்த தேதிகள்.

பதினோராவது பக்கத்தில் எழுத்து நின்றிருந்தது. அதன் அடியில், ஆறு லட்சத்தில் மீதி ஆயிரத்து முந்நூறு.

இசக்கியப்பன் நோட்டை மூடினார்.

"பணம் போக ஆரம்பிச்ச அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவிப்பய."

"நீங்க சொன்னியளா, அண்ணாச்சி?"