ஒளித்து வைத்த வேகம்

ஐந்தாவது சண்டையில் சென்னியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. ஏழாவது சண்டை முடிந்தபோது அது உறுதியாகிவிட்டது. தன்னோடு ஜோடியாகப் பறக்கும் குப்புராஜ் எதையோ மறைக்கிறார்.

சண்டை என்றதும் பயந்துவிட வேண்டாம். கோவை பீளமேட்டில் ஒரு மாடி அறை. ஆறு நாற்காலி, ஆறு கம்ப்யூட்டர், ஆறு ஜாய்ஸ்டிக். சனி, ஞாயிறு மதியங்களில் தலை நரைத்த பெரிய மனிதர்கள் சிலர் அங்கே கூடி, உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானங்களைத் திரையில் ஓட்டுவார்கள். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவார்கள். பிறகு ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் தமயந்தி. வயது முப்பத்து மூன்று. தெருவில் பார்த்தால் எல்லோருக்கும் அம்மணி. அறைக்குள் வந்துவிட்டால் மாஸ்டர். அதிகம் பேசமாட்டார்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளர். வருகிற உருப்படியை எல்லாம் கருவி வைத்து அளந்து, தேறாததைத் தூக்கி வீசுவது அவர் வேலை. இருபத்தேழு வருடமாக அதையே செய்ததில் கை வேறு, கருவி வேறு என்று இல்லாமல் போய்விட்டது. மாமியார் வீட்டு இட்லியைக்கூட ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

பத்தொன்பது வயதில் விமானப்படையில் சேரப் போயிருந்தார். இடது கண் மங்கல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மாடி அறையில்தான் அவர் முதன்முதலாகப் பறந்தார். பெங்களூரில் நடக்கும் போட்டிக்கு இங்கிருந்து ஒரே ஒரு ஜோடிதான் போகும். எப்படியாவது அந்த ஜோடியில் இருந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தார். வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அவர்கள் ஓட்டும் விமானத்துக்குப் பருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். பருந்து ஒன்றுதான் என்றாலும் அதில் மாடல்கள் பல. போட்டி விதிப்படி ஜோடியில் ஒருவருக்குப் பழைய மாடலான மூன்று, இன்னொருவருக்குப் புதிய மாடலான ஐந்து. மாஸ்டர் மூன்றைச் சென்னியப்பனுக்குக் கொடுத்தார். ஐந்தைக் குப்புராஜுக்குக் கொடுத்தார்.

"நீங்க முன்னால போங்கண்ணா. அவரு பின்னால வரட்டும்" என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான் விளக்கம். குப்புராஜ் ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ கொண்டுவருகிற ஆள். முதல் டம்ளர் மாஸ்டருக்குத்தான் போகும். ஓர் இஞ்சி டீக்கு ஒரு விமானமா என்று சென்னியப்பன் அப்போதே மனதில் குறித்துக்கொண்டார்.

நோட்டிலும் குறித்தார். ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, இரண்டு மாடலையும் தனியாக ஓட்டி, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார். கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினார். மாடல் மூன்றின் வேகம் மணிக்கு ஐந்நூற்றிருபது கிலோமீட்டர். மாடல் ஐந்தின் வேகம் ஐந்நூற்று எண்பது.

அடுத்து, பழைய சண்டைகளின் பதிவுகளைத் திறந்து குப்புராஜின் வேகத்தைத் தேடி எடுத்தார். எண்களைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு சண்டைகளில் ஒரு தடவைகூட குப்புராஜின் ஐந்து, ஐந்நூற்று இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

இது எப்படி? அந்த அறையில் யார் கையில் ஐந்து கிடைத்தாலும் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரிதான் ஓடுவார்கள். முன்னால் போய்ச் சுட்டு, பேர் வாங்குவார்கள். குப்புராஜ் ஏழு சண்டைகளில் ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தவில்லை. ஓட்டை மூன்றை வைத்துக்கொண்டு சென்னியப்பன் ஒன்பது வீழ்த்தியிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. குப்புராஜ் எப்போதும் இடது பக்கம், பின்னால்தான் வருகிறார். தனக்கு இடது கண் மங்கல் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது வாய்தவறிச் சொன்னது சென்னியப்பனுக்கு நினைவு வந்தது. எனக்குத் தெரியாத பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டு இந்த மனுஷன் என்னதான் செய்கிறார்?

மறுநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க குப்புராஜ், அஞ்சு எவ்வளவு வேகம் போகும்னு தெரியுமுங்களா?"

"நல்லாவே போகுமுங்க."

"ஐநூத்தி எம்பது."

"அப்படீங்களா?"

"நீங்க ஒருநாளும் அந்த வேகம் போகலியே. ஏனுங்க?"

குப்புராஜ் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பதில் சொல்ல அவசரப்படுகிற ஆள் இல்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றி நீட்டினார்.

"சூடா இருக்குதுங்க. பாத்துக் குடிங்க."

சென்னியப்பன் அன்று டீ குடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கே வந்துவிட்டார். மாஸ்டர் தனியாக உட்கார்ந்து ஒரு ஜாய்ஸ்டிக்கின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கண்ணா."

"மூணுக்கும் அஞ்சுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நீங்கதான் நோட்டுப் போட்டு எழுதியிருக்கீங்களாமே. நீங்களே சொல்லுங்க."

சென்னியப்பன் நோட்டை விரித்தார். "வேகத்துல அஞ்சுதான் அறுபது கிலோமீட்டர் அதிகம். ஒரு வட்டமடிச்சுத் திரும்ப மூணுக்குப் பத்தொம்பது செகண்டு, அஞ்சுக்கு இருவத்தி மூணு. அஞ்சுல சீட்டுக்குப் பின்னால இரும்புத் தகடு இருக்குது, முதுகுல குண்டு பட்டாத் தாங்கும். மூணுல அது கிடையாது."

"சரியாத்தான் அளந்திருக்கீங்க."

"அளவு சரிதானுங்க. ஆனா சண்டைல அந்த அறுபதைக் காணோம். எங்க போச்சு?"

மாஸ்டர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஒண்ணு, யாரோ கம்ப்யூட்டர்ல கை வெச்சு அதை மெதுவாக்கியிருக்கணும்." யாரோ என்று சொல்லும்போது மாஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "இல்லாட்டி அந்த ஆளே ஒளிச்சு வெச்சிருக்கணும்."

"எதுக்கு ஒளிக்கணும்?"

"பெங்களூர் போற வரைக்கும் ஒண்ணும் தெரியாத ஆளாட்டம் இருந்துட்டு, அங்க போய் அவுத்து விடுவாருங்க. பேரு அவருக்கு. நான் பின்னால நின்னு வேடிக்கை பாக்கணும்."

மாஸ்டர் மேசைமேல் இருந்த ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். போட்டி விண்ணப்பம். இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன. சென்னியப்பன், குப்புராஜ்.

சென்னியப்பன் தாளைக் கிட்டே இழுத்தார். தன் பெயரை இரண்டு முறை படித்தார்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். அவரை நம்ப முடியலைன்னா அவரு பேரை அடிச்சிடுங்க. வேற பேரு எழுதிக்கலாம்."

பேனாவை நீட்டினார். சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனைகூடக் குப்புராஜைப் பற்றி இல்லை. மாஸ்டர் ஏன் இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறார் என்பதைப் பற்றித்தான். பிறகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, குப்புராஜின் பெயர்மேல் வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தார்.

"சரிங்கண்ணா. அனுப்பறதுக்கு முன்னால ஒரு சண்டை. இன்னிக்கு அஞ்சு உங்களுக்கு. மூணு அவருக்கு" என்றார் மாஸ்டர்.

இரண்டு மணிக்குக் குப்புராஜ் ஃபிளாஸ்க்கோடு வந்தார். மேசைமேல் தாள் இருந்தது. அவர் பெயர் இருந்தது. அதன்மேல் கோடும் இருந்தது. பார்த்தார். ஃபிளாஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சண்டை தொடங்கியது.

ஐந்தை எடுத்ததும் சென்னியப்பன் வேகத்தைக் கூட்டும் பிடியை முழுதாக முன்னால் தள்ளினார். எஞ்சின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஐந்நூற்று ஐம்பது. ஐந்நூற்று எழுபது. ஐந்நூற்று எண்பது! அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துவிட்டார். முள் எண்பதைத் தொட்டு நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் குப்புராஜின் விமானம் சின்னப் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போனதை அவர் கவனிக்கவில்லை.

நான்காவது நிமிடத்தில் குப்புராஜின் திரை சிவந்தது. எதிர் ஜோடியில் ஒருவர் இடது பக்கமாகப் பின்னால் வந்து முதுகிலேயே சுட்டு வீழ்த்தியிருந்தார்.

ஆறாவது நிமிடத்தில் சென்னியப்பன் ஒரு விமானத்தை வீழ்த்திவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கினார்.

குப்புராஜ் எழுந்தார். "நல்லா ஓட்டினீங்க" என்றார். நாலு மணிக்கு ரயிலடியிலிருந்து காலேஜ் பிள்ளைகளை ஏற்றிவர வேண்டும் என்று மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். ஃபிளாஸ்க்கை எடுக்க மறந்துவிட்டார். அல்லது எடுக்கவில்லை.

சென்னியப்பன் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினார்.

"பாத்தீங்களா மாஸ்டர்! சண்டையிலயும் ஐநூத்தி எம்பது போகுது!"

"பாத்தனுங்க."

"கம்ப்யூட்டர்ல குத்தமில்ல. அந்த மனுசன்தான் ஒளிச்சு வெச்சிருக்காரு."

"ஆமாங்கண்ணா. ஒளிச்சுத்தான் வெச்சிருந்தாரு."

சென்னியப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. மாஸ்டர் மறுப்பார், மறுத்ததும் மடக்கலாம் என்று மூன்று கேள்வி தயாராக வைத்திருந்தார். அவை மூன்றும் வீணாகிவிட்டன.

"அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றார் மாஸ்டர். பக்கத்தைத் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். "மூணுல முதுகுத் தகடு இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஏழு சண்டை மூணுலதான பறந்தீங்க. முதுகுல எத்தனை குண்டு பட்டுச்சு?"

"ஒண்ணும் படலீங்க."

"அதை எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்க?"

சென்னியப்பன் நோட்டைப் பார்த்தார். அப்படி ஒரு கட்டமே அதில் இல்லை.

மாஸ்டர் எழுந்து போய்க் குப்புராஜின் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதுல உக்காருங்கண்ணா." ஏழாவது சண்டையின் பதிவைத் திறந்தார். "இத்தனை நாளா நம்பரைத்தான் பாத்தீங்க. இப்ப அவரு சீட்டுல இருந்து பாருங்க."

திரையில் குப்புராஜின் விமானத்தின் உள்பக்கம் தெரிந்தது. முன்கண்ணாடி வழியாக, சற்று வலப்புறம், ஒரு பழைய மூன்றின் வால் தெரிந்தது. அதில் இருந்த எண் சென்னியப்பனுடையது.

வேகத்தைக் கூட்டும் பிடி பாதியில் இருந்தது. வால் கொஞ்சம் தள்ளிப்போனால் பிடி கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. வால் நெருங்கினால் பின்னால் வந்தது. முழுவதுமாக ஒரு தடவைகூட அது முன்னால் போகவில்லை.

பார்வை மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இடது பக்கம், பின்னால், மேலே, மறுபடி இடது பக்கம். பஸ் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி நாலு நொடிக்கு ஒரு தரம். இடையிடையே அந்த வால் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

மூன்றாவது நிமிடத்தில் எதிரி ஒருவர் இடது பக்கமாக இறங்கி வந்தார். அதே இடம், அதே கோணம். குப்புராஜ் சட்டென்று திரும்பி அவருக்குக் குறுக்கே போய்ச் சுட்டார். எதிரி விலகி ஓடினார். துரத்தியிருந்தால் விழுந்திருப்பார். குப்புராஜ் துரத்தவில்லை. திரும்பி வந்து அந்த வாலைத் தேடிப் பிடித்து, அதன் இடது பக்கம், பின்னால் நின்றுகொண்டார். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி ஒருவர் வந்தார். குப்புராஜ் மறுபடி போய்விட்டு வந்தார்.

முன்னால் போகிற மூன்று எதையும் அறியாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது நிமிடத்தில் அது ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து குதித்தது சென்னியப்பனுக்கு நினைவு வந்தது. அப்போது குப்புராஜும் கை தட்டியிருந்தார்.

பதிவு முடிந்தது. சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை.

மேசைமேல் தாள் கிடந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த கோடு ஒரு நூல்கூட வளையாமல் இருந்தது. பக்கத்தில் ஃபிளாஸ்க்.

"மறுபடி அவரு பேரை எழுதிக்கலாமுங்களா?"

"எழுதலாமுங்க. மொதல்ல அவருகிட்டப் போய்க் கேட்டுட்டு வந்து எழுதுங்க."

சென்னியப்பன் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்தார். கதவுவரை போனவர் நின்றார்.

"அன்னைக்கு நேருக்கு நேரா கேட்டனுங்களே. இப்படித்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? ஏன் சொல்லல?"

மாஸ்டர் அடுத்த ஜாய்ஸ்டிக்கைத் துடைக்க எடுத்திருந்தார்.

"சொல்லியிருந்தா, இதை எதுக்கு இந்த ஆளு எங்கிட்டச் சொல்றான்னு யோசிச்சிருப்பீங்க."