நஞ்சம்மா பரிசலுக்கு லைட்டு வாங்கின கதை

ஒரு ஊர்ல ஒரு... இரு அம்மணி, ஊர் இல்ல, தண்ணி. அணை கட்டித் தேக்கி வச்ச பெரிய தண்ணி. இக்கரையில நின்னு பாத்தா அக்கரை ஆளு எறும்பாட்டம் தெரிவான். அந்தத் தண்ணியில ஒரு பரிசல்காரி இருந்தா. பேரு நஞ்சம்மா. எங்க என் பேத்தி, ம் சொல்லு.

"ம்."

பரிசல்னா மூங்கில்ல கூடையாட்டம் பின்னி, அடியில தார் பூசியிருப்பாங்க. வட்டமா இருக்கும். அதுல உக்காந்து ஒத்தத் துடுப்பைப் போட்டா சளக்... சளக்... சளக்...னு போகும். நஞ்சம்மா பகல்ல வலை போட்டு மீன் பிடிப்பா. சாயங்காலம் அக்கரைச் சந்தையில வித்துப்போட்டு, பொழுது எறங்குற நேரத்துக்கு இக்கரைக்கு வருவா. வீட்டுல அவ மக செல்லக்கிளி இருப்பா. மூணு வயசு. அப்பன்காரன் நல்லாத்தான் பாத்துக்குவான். சோறு ஊட்டுவான், தூரியில போட்டு ஆட்டுவான், பாட்டுக்கூடப் பாடுவான். ஆனா அம்மா வராம அது கண்ணை மூடாது. அழ ஆரம்பிச்சா ஏழு வீட்டுக்குக் கேக்கும்.

"என்னையாட்டமா அப்புச்சி?"

நீ அழுதா பத்து வீட்டுக்கு.

அப்புறம், அந்தத் தண்ணிக்கு ஒரு மோட்டார் படகு வந்துச்சு. டுபு டுபு டுபு டுபுன்னு. ஓட்டுறவன் பேரு செங்கோடன். மொத நாளே மசமசன்னு இருட்டுற நேரத்துல நஞ்சம்மா பரிசலை ஒரு முழம் தள்ளி உரசாம போனான். நின்னு கத்துனான்: "ஏனுங்க்கா, லைட்டு இல்லாம வர்றீங்களே, ஏத்திப்போட்டா என்ன பண்றது?"

"நேத்து வந்த படகு, முப்பாட்டன் காலத்துப் பரிசலுக்கு வழி சொல்லுதா?"ன்னா நஞ்சம்மா.

"முப்பாட்டன் வந்து காப்பாத்துவாரா? நாளையிலருந்து லைட்டு இல்லாட்டி இருட்டுறப்போ வராதீங்க. அக்கரையிலயே படுத்துக்கோங்க."

அக்கரையில படுத்தா செல்லக்கிளி என்ன பண்ணும்? அழுது அழுது தொண்டை கட்டிப்போகும். அதனால மறுநாளு நஞ்சம்மா நேரா சந்தையில இருந்த லைட்டுக்கடைக்குப் போனா. கடைக்காரன் பேரு... சென்னியப்பன்.

"நம்ம முக்குக்கடைத் தாத்தாவா?"

அவன் இல்ல. இவன் வேற சென்னியப்பன். இவனும் நம்ம முக்குக்கடைக்காரனாட்டமே மூக்குல விரலை விட்டுக்கிட்டு, மழைக்குத் தாங்கும்னு சொல்லி ஒண்ணுக்கும் ஆகாத டார்ச் லைட்டை மனுசன் தலையில கட்டுற ஆளு.

"முக்குக்கடைத் தாத்தா எனக்குக் கடலை மிட்டாய் குடுப்பாரே."

குடுப்பான், குடுப்பான். கதையைக் கேளு.

"லைட்டா? இந்தா புடி"ன்னு ஒண்ணை எடுத்து வச்சான் சென்னியப்பன். தங்கக் கலரு. மேல கண்ணாடிக் குடுவை. கல்யாண மண்டபத்துல மாட்டுறாப்புல மினுமினுன்னு இருந்துச்சு. "தண்ணிக்குன்னே செஞ்சது. துருவே புடிக்காது"ன்னான். நஞ்சம்மாவும் அழகைப் பாத்து மயங்கி, பரிசல் விளிம்புல கட்டிக்கிட்டுக் கெளம்புனா. சளக்... சளக்... துடுப்புத் தண்ணி தெறிச்சுச்சு. அலை ஒண்ணு வந்து மேல ஏறுச்சு. கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவுல மயிரளவு சந்து. அதுல தண்ணி பொளக் பொளக்னு எறங்கி, உஸ்ஸ்ஸ்... அணைஞ்சே போச்சு. கரைக்கு வந்து கழட்டிப் பாத்தா, தங்கம் உரிஞ்சு உள்ளார ஒரே துரு. குடுவைக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா?

"என்ன?"

ஒரு கெண்டைக்குஞ்சு! வாலை ஆட்டி ஆட்டி நீஞ்சிக்கிட்டு இருந்துச்சு.

மறுநாளு கடைக்குப் போனா. "அட, உனக்குப் பெருசா வேணும்"ன்னு ரெண்டாவது லைட்டை எடுத்தான். மொறத்து அகலம். அதுக்குப் பேட்டரியே ஒரு ஆட்டுக்குட்டி கனம். சுச்சைப் போட்டா, ஐயோ அம்மணி, பளீஈஈர்! பூச்சியெல்லாம் பறந்து வந்துச்சு. ஈசல், கொசு, விட்டில், ஞொய்ய்ய்னு நஞ்சம்மா வாயில மூக்குல எல்லாம் பூந்துச்சு. அவளுக்கே கரை தெரியல. எதுத்தாப்புல செங்கோடன் கண்ணு கூசி, "அக்கா, என்ன சூரியனைக் கட்டி இழுத்துட்டு வர்றீங்களா? ஒண்ணும் தெரியலைங்க்கா!"ன்னு அலறுனான். அவன் அலறுறப்பவே பேட்டரி தீந்து, மினுக்... மினுக்... டப். அப்புறம் கும்மிருட்டு. கரையில செல்லக்கிளி அழுகுற சத்தத்தை வச்சுத்தான் வீடு வந்து சேந்தா.

"பாவம்."

பாவந்தான். ஆனா இப்போ அவளுக்குப் புத்தி வந்துருச்சு. மூணாந்தரம் போறப்போ ஒரு வாளித் தண்ணியையும் தூக்கிட்டுப் போனா. "எடுய்யா ஒவ்வொண்ணா"ன்னா. அவன் எடுக்க எடுக்க வாளிக்குள்ள முக்குனா. பொளக்! இது ஆகாது. பொளக்! இதுவும் ஆகாது. பொளக், பொளக், பொளக்! கடையில இருந்த அத்தனை லைட்டும் தண்ணி பூந்து காத்து முட்டை விட்டுச்சு. சந்தையே கூடி நின்னு சிரிச்சுச்சு. சென்னியப்பன் மூஞ்சி சுட்ட கத்திரிக்காயாட்டம் சுருங்கிப்போச்சு. நல்லா வேணும் அவனுக்கு!

"அப்புச்சி, அழுதாரா அவரு?"

அழுதான். பெருசா அழுதான்.

"வேண்டாம். ஒரு லைட்டாச்சும் நல்லதா இருக்கட்டும்."

எதுக்கு? அவன் செஞ்ச வேலைக்கு...

"அப்புச்சீ..."

சரி, சரி. உனக்காக. அடியில ஒரு பொட்டி இருந்துச்சு. அதுல ரெண்டு லைட்டு, ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை. சுத்தி ரப்பர் வச்சு இறுக்குனது. திருகாணியெல்லாம் துருப்புடிக்காத எவர்சில்வர். வாளியில முக்கி வச்சா ஒரு முட்டை வரல. கல்லு மேல போட்டா, டொங்! ஒடையல. "கப்பல்ல மாட்டுறதும்மா. எடப்பக்கம் செவப்பு, வலப்பக்கம் பச்சை. பாக்குறவனுக்குக் கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்"ன்னான். அவன் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்.

நஞ்சம்மா எடப்பக்கம் செவப்பு, வலப்பக்கம் பச்சை கட்டிக்கிட்டுத் தண்ணியில எறங்குனா. மழை வந்துச்சு, அணையல. அலை அடிச்சுச்சு, அணையல. நடுத்தண்ணிக்குப் போறப்போ காத்து வந்துச்சு. காத்து வந்தா பரிசல் என்ன பண்ணும்?

"என்ன பண்ணும்?"

சுத்தும்! கிர்ர்ர்... கிர்ர்ர்னு சுத்துச்சு. எதுத்தாப்புல செங்கோடன் பாக்குறான். பச்சை தெரியுது. சரி, இந்தப் பக்கம் ஒதுங்குவோம்னு திருப்புனான். செவப்பு தெரியுது. ஐயையோன்னு அந்தப் பக்கம் திருப்புனான். பச்சை! செவப்பு! பச்சை! அவ பரிசலும் சுத்துது, அவன் படகும் சுத்துது, டுபு டுபு கிர்ர்ர், டுபு டுபு கிர்ர்ர். மூக்கும் மூக்கும் முட்டுறாப்புல வந்து மோட்டாரை நிறுத்துனான்.

"அக்கா, நீங்க வர்றீங்களா, போறீங்களா?"

"வீட்டுக்கு வர்றேன்டா!"

"பரிசலுக்கு ஏதுக்கா எடப்பக்கம் வலப்பக்கம்? தோசைக்கு மூஞ்சி எது, முதுகு எது?"

நஞ்சம்மாவுக்கு மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டு இருக்கறப்பவே ஒண்ணு தோணுச்சு. தோசைக்கு நடு உண்டுல்ல?

மறுநாளு கடைக்குப் போயி, செவப்பையும் பச்சையையும் வச்சுட்டு, "இதே ரப்பர், இதே திருகாணி. ஆனா வெள்ளை லைட்டு, ஒண்ணே ஒண்ணு. எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி எரியணும்"னு கேட்டா. சென்னியப்பனும் தேடி எடுத்து, அவனே வாளியில முக்கிக் காட்டிட்டுத்தான் குடுத்தான். சந்தோசமா உனக்கு?

"ம்."

நடுவுல ஒரு மூங்கிலை நட்டா. தன் தலையே மறைக்காத ஒசரம். அதோட உச்சியில கட்டுனா. பெரிய வெளிச்சமில்ல, ஒரு எலுமிச்சம்பழம் அளவு. பரிசல் கிர்ர்ர்னு சுத்துச்சு. லைட்டு அப்படியே நின்னுச்சு. செங்கோடன் தூரத்துலயே பாத்து, டுபு டுபுன்னு ஒதுங்கி, கையை ஆட்டிட்டுப் போனான்.

சளக்... சளக்... சளக்...

கரை வந்துச்சு. அழுகைச் சத்தமே கேக்கல. நஞ்சம்மா புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையோன்னு ஓடுனா. வாசல்ல புருசங்காரன் வாயில விரலை வச்சு, "உஸ்ஸ்"னான். அவன் தோள்ல செல்லக்கிளி சொக்கிக் கெடக்குது.

"எப்படித் தூங்குச்சு?"

"தெரியல. தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்படியே சாஞ்சுருச்சு."

நஞ்சம்மா மெதுவா வாங்கி மடியில போட்டா. அது அரைக்கண்ணைத் தொறந்து சொல்லுச்சு: "அம்மா, நீ எரிஞ்சுக்கிட்டே வந்தியே... நான் பாத்தேன்." மறுபடி கண்ணை மூடிக்கிச்சு.

அம்மணி?

...

பரிசலு கரை ஏறிருச்சு சாமி, கதையும் கரை ஏறிருச்சு. தூங்கு.