வைத்தியலிங்கம் வைத்த காவல்

தென்காசிப் பக்கம் உமையாள் அம்மாவின் மடத்துக்கு யாரும் ஞானம் கேட்டு வருவதில்லை. காகிதத்தோடு வருவார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, வங்கி நோட்டீஸ், கோர்ட்டு உத்தரவு, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லி அனுப்புவதுதான் அங்கே சீடர்களுக்கு வைத்த தவம்.

அந்தத் தவத்துக்கு ஒரு துணையும் இருந்தது. மடத்துக்கென்று ஓர் ஏ.ஐ. சேவையில் கணக்கு எடுத்திருந்தார்கள். காகிதத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் அது விளக்கிவிடும். ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. தீர்ந்துவிட்டால் மறுநாள் காலைவரை வாய் திறக்காது.

சீடர்கள் இருவர். முற்றத்துக்கு இந்தப் பக்கத்து அறையில் வைத்தியலிங்கம், அந்தப் பக்கத்து அறையில் நயினார். ஆளுக்கொரு கணினி, இருவருக்கும் பொதுவாக ஒரே வரம்பு. நயினார் தபால் அலுவலகத்தில் இருந்தவர், அதிகம் பேசமாட்டார். மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. வைத்தியலிங்கம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். காவி கட்டிய பிறகும் எதிரே வருகிற முகமெல்லாம் அவருக்கு டிக்கெட் இல்லாத முகமாகத்தான் தெரிந்தது. அம்மா அவரைவிட வயதில் இளையவர். அது ஒன்றில் மட்டும்தான் அவர் குறை காணவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் கூட்டம் அதிகம். மாலைவரை வரவேண்டிய வரம்பு மதியமே தீர்ந்துபோனது. வைத்தியலிங்கம் முற்றத்தைத் தாண்டி நயினாரின் அறையைப் பார்த்தார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து நயினார் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாத்திய கதவு சந்தேகத்துக்குப் பால் வார்த்தது.

வைத்தியலிங்கம் தன் கணினியில் ஒரு செயலியைப் போட்டார். எவ்வளவு வரம்பு செலவாகியிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று திரையின் மூலையில் அது காட்டிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு வரம்பு இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. இந்தச் செயலி ஏமாளி போலிருக்கிறது என்று இன்னொன்றைப் போட்டார். வரம்பு அதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. மூன்றாவதையும் போட்டார்.

மூன்றும் மூன்று சொல்லின. ஒன்று, பாதி மிச்சம் என்றது. மற்றொன்று, கால் பங்குதான் என்றது. மூன்றாவது சிவப்பு நிறத்தில், முடியப்போகிறது என்றது. எது மெய் சொல்கிறது என்று ஒப்பிட்டு ஒப்பிட்டே அவருடைய காலைப்பொழுது போயிற்று. வந்தவர்கள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் அவர் அம்மாவிடம் போனார்.

"அம்மா, நயினாரை அனுப்பிருங்க. திருட்டுத்தனமா என்னமோ பண்ணுதாரு. வரம்பு பூரா அவர் அறையிலதான் போவுது."

"பாத்தீங்களா, ஐயா?"

"பாக்க விடணும்லா! கதவைச் சாத்திக்கிடுதாரே. ஆனா செயலி பொய் சொல்லாது."

"எந்தச் செயலி?"

"மூணு இருக்கு. அதுல மூணாவது."

"மத்த ரெண்டும்?"

"அதெல்லாம் இளகின மனசுக்காரன் எழுதினது, அம்மா. இதுதான் கறாரானது."

"கறாரானதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வைத்தியலிங்கம் யோசித்தார். "நான் நினைச்சதையே சொல்லிச்சு" என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டார்.

அம்மா நாள்காட்டியைப் பார்த்தார். மறுநாள் அமாவாசை. அமாவாசையன்று மடத்தில் கணினியைத் தொடுவதில்லை என்பது வழக்கம்.

"நாளைக்கு ஒரு நாள் உங்களுக்கு மட்டும் விலக்கு. மூணு செயலியையும் திறந்து வைங்க. நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, சும்மா பாத்துக்கிட்டே இருங்க. அளவு நகர்ந்தா என்னைக் கூப்பிடுங்க."

அமாவாசை விடிந்தது. வைத்தியலிங்கம் திரைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் தியானத்தில்கூட அவர் இப்படி அசையாமல் இருந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று அளவுகளும் நகர ஆரம்பித்தன. மெல்ல, ஆனால் விடாமல் நகர்ந்தன.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மாவை அழைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக முற்றத்தைக் கடந்து நயினாரின் கதவைத் தள்ளினார்.

உள்ளே நாள் கிழமை தெரியாமல் பஸ் ஏறி வந்துவிட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நயினாரின் மடியில் அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டும், அதன் மேல் தடித்த அகராதியும் விரித்துக் கிடந்தன. "இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, தாயி. மத்தது ராத்திரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணினிக்குத் துணி போர்த்தியிருந்தது. அதன் மேல் யாரோ கொடுத்த கொய்யாப்பழக் கூடை இருந்தது. மின்கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்.

வைத்தியலிங்கம் துணியைத் தூக்கிப் பார்த்தார். கணினியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"செல்போன்ல பண்ணுதீரா?"

நயினார் இடுப்பு மடிப்பிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். பட்டன் வைத்த பழைய போன்.

"எவ்வளவு நாளா இது அணைஞ்சு கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஆடியிலேருந்து அம்மா. கூட்டத்துக்கு வரம்பு பத்தல. அண்ணாச்சி ஒரு மாதிரியா பாத்தாங்க. என் பங்கையும் அவங்களே வச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன். என்ன, எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அகராதியைப் புரட்டுத சத்தம் வெளியே கேக்க வேண்டாம்னுதான் கதவைச் சாத்தினேன்."

வைத்தியலிங்கத்துக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் மனசு விடவில்லை. அப்படியானால் வேறு யார்? சமையற்கட்டில் யாரோ? கடவுச்சொல்லை வெளியே விட்டது யார்? திரும்பி வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திரையில் அளவு இன்னும் குறைந்திருந்தது. அம்மா அதன் முன் உட்கார்ந்தார்.

"மிச்சம் எவ்வளவுன்னு இந்தச் செயலிக்கு எப்படித் தெரியுது, ஐயா?"

"அந்த ஏ.ஐ.கிட்டயே ஒரு சின்னக் கேள்வி அனுப்பிப் பாக்கும், அம்மா. பதிலோட கணக்கும் வந்துரும்."

"எப்பப்ப அனுப்பும்?"

"அது நம்ம இஷ்டம். நான் நிமிஷத்துக்கு ஒருக்கன்னு வச்சிருக்கேன். மூணுலயும்."

"அந்தக் கேள்வி வரம்புல சேருமா, சேராதா?"

வைத்தியலிங்கம் மூன்றாவது செயலியின் அமைப்புகளைத் திறந்தார். அவர் படிக்காமலே சரி என்று அழுத்திய இடத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முற்றத்துக்கு அப்பால் நயினார் அந்தப் பெண்ணிடம், "பயப்படாத தாயி, பெருசா ஒண்ணுமில்ல" என்று சொல்வது கேட்டது. வைத்தியலிங்கத்துக்கு அந்தக் குரலைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"ஆடியிலேருந்து தொடலைன்னு அந்த மனுஷன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, அம்மா?"

"சொல்லியிருந்தா, நாலாவதா ஒரு செயலி போட்டிருப்பீங்க, ஐயா" என்றார் அம்மா.