எழுத்து தேய்ந்த லேப்டாப்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு கித்தேரி அக்கா. போன வருஷம் தவக்காலத்தில், மூன்றாம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து, கோயில் வாசலில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது சொன்னார். அக்கா சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற இளைப்பாறல் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறவர். வைத்தியம் கைவிட்ட நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. நடந்ததை இன்னாசிமுத்து சாரே அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டே நின்றதில் என் கஞ்சி ஆறிப்போனது. ஆண்டவருக்குத் தோத்திரம், அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்துதான் இருந்தது.

இன்னாசிமுத்து கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு அவருக்குச் செபம் வராமல் போய்விட்டது. முழங்கால் போட்டால் வார்த்தை வரும், மனசு வராது. ஒருநாள் இல்லத்துக்குப் போய் சிஸ்டர் தெரசிட்டாவிடம் கேட்டார். சிஸ்டர் அவரைவிட இருபது வயது இளையவர்.

"சிஸ்டர், எனக்குச் செபிக்கச் சொல்லிக் குடுங்க."

"உங்களுக்கு என்ன தெரியும் ஐயா?"

"டைப் அடிக்கத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

"அது போதும். இங்க படுத்திருக்கிறவங்க சொல்றதைக் கடுதாசியா எழுதிக் குடுங்க."

"அப்ப செபம்?"

"முதல்ல கடுதாசி."

சரியென்று அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். பேனா பிடித்தால் அவருக்கு வலது கை உதறும். கீபோர்டில் விரலை வைத்தால் நடுக்கம் தானாக நின்றுவிடும். அதனால் கட்டில் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொள்வார். கேட்டதை மனசில் வைத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி ஆபீஸ் அறைக்குப் போய், அங்கிருக்கிற கம்ப்யூட்டரில் அடித்து எடுத்து வருவார். இப்படியே ஆறு மாதம் போனது.

ஏழாம் கட்டிலில் வெள்ளைச்சாமி என்று ஒருவர் இருந்தார். லாரி ஓட்டியவர். தொண்டையில் புற்றுநோய். வருகிற வியாழக்கிழமை டாக்டர் வந்து, மூச்சு விடுவதற்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதாக இருந்தது. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. மிச்சமிருக்கிற குரலில் ஒரே ஒரு கடிதம் சொல்லிவிட வேண்டும் என்று மனுஷன் தவித்தார். அவருடைய அண்ணிக்கு.

பிரசவத்தில் பெண்டாட்டி இறந்தபோது, பச்சைப் பிள்ளையை அண்ணி கையில் கொடுத்துவிட்டு லாரி ஏறியவர் அவர். அண்ணிதான் அந்தப் பெண்ணை வளர்த்து, படிக்க வைத்து, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தது. இவர் வாயைத் திறந்து ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது அந்த அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, போனில் பேசிப் பயனில்லை. இடுப்பு ஒடிந்து சாத்தூரில் படுக்கையாகக் கிடக்கிறார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்.

திங்கட்கிழமை காலை இன்னாசிமுத்து கடிதத்தை அடித்துக்கொண்டு வந்து வாசித்தார்.

"மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு. தாங்கள் எனது மகளைச் சிசுப் பருவம் முதல் பராமரித்து வளர்த்தமைக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

வெள்ளைச்சாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது என் கடுதாசி இல்ல."

"ஏம்ப்பா, நீ சொன்னதுதானே?"

"நன்றின்னு நான் சொன்னேனா? எங்க அண்ணிகிட்டப் போயி நன்றின்னு சொன்னா வெளக்குமாத்தத் தூக்கிட்டு வருவாக. நான் என்ன, பேங்கு மேனேஜரா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை.

இன்னாசிமுத்து மூன்று தடவை முற்றத்தைத் தாண்டிப் போய் மாற்றி அடித்துக்கொண்டு வந்தார். மூன்று தடவையும் வெள்ளைச்சாமி சுவரைத்தான் பார்த்தார். மூன்றாவது தடவை சொல்லும்போதே குரல் பாதி காற்றாகப் போய்விட்டது.

சாயங்காலம் இன்னாசிமுத்து சிஸ்டரிடம் போனார்.

"சிஸ்டர், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவர் சொன்னதுல ஒண்ணையும் விடல. அப்புறம் ஏன் தன் கடுதாசி இல்லேங்கிறாரு?"

சிஸ்டர் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு திண்டுக்கல் போவோம் ஐயா. ஒரு பழைய லேப்டாப் வாங்கணும்."

"நான் கேட்டது..."

"கேட்டுச்சு. எட்டரை பஸ்சுக்கு வந்துடுங்க."

சிக்கந்தர் பாயின் கடை மாடியில் இருந்தது. சுவர் கொள்ளாமல் பழைய லேப்டாப்புகள். பாய் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சிஸ்டர். என்ன வேலைக்கு?"

"மடியில வச்சு எழுதணும். கட்டிலுக்குக் கட்டில் தூக்கிட்டுப் போகணும். ஐயாவுக்கு விரல் நோகக் கூடாது."

"அப்ப இதைப் பாருங்க. பெங்களூரு கம்பெனியில இருந்து வந்த சரக்கு. ஸ்கிரீன் தியேட்டர் மாதிரி இருக்கும்."

இன்னாசிமுத்துவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மடியில வைங்க ஐயா. நான் பேசுறேன், நீங்க அடிங்க. எங்க அப்பா ஒருநாள் சந்தையில இருந்து ஒரு பலாப்பழம் தூக்கிட்டு வந்தாரு. இவ்வளவு பெரிசு. வீட்டுல ஒம்பது பேரு, திங்க முடியல."

இன்னாசிமுத்துவின் விரல்கள் மழை மாதிரி விழுந்தன. சிஸ்டர் வாய் மூடும் முன்பே அவர் முடித்துவிட்டார்.

"எவ்வளவு பெரிசு ஐயா?"

"இவ்வளவு பெரிசு."

"எவ்வளவு?"

"இவ்வளவுன்னுதானே சொன்னீங்க சிஸ்டர்? அதைத்தான் அடிச்சிருக்கேன்."

பாய்க்குப் பொறுக்கவில்லை. "சார், சிஸ்டர் கையை விரிச்சுக் காட்டினாங்க சார், இந்தா பாருங்க" என்று இரண்டு கையையும் விரித்தார். முழங்கை அலமாரியில் இடித்துக்கொண்டது.

இன்னாசிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கோர்ட்டுல அப்படித்தான் சிஸ்டர். சாட்சி என்னத்தையோ சொல்லி அழுவாரு. ஜட்ஜ் அதைச் சுருக்கிச் சொல்லுவாரு. நான் ஜட்ஜ் சொல்றதைத்தான் அடிக்கணும். காது அங்க, கண்ணு தாள்ல. முப்பத்திரண்டு வருஷம்."

சிஸ்டர் லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தார். "தொடை சுடுதா ஐயா?"

"சுடுது. கனமாவும் இருக்கு."

"பாய், வேற காட்டுங்க."

அடுத்தது ஒல்லி. ஒரு நோட்டுப் புத்தகத்தின் எடைகூட இருக்காது. ஆனால் கீ எல்லாம் தட்டையாக, பலகையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. இன்னாசிமுத்து அடிப்பது பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில். கீயில் அச்சடித்திருப்பதோ இங்கிலீஷ் எழுத்து. அதைப் பார்த்து அவருக்கு ஒரு உபயோகமும் இல்லை. என்றாலும் விரல் தடுமாறத் தடுமாறக் கண் அங்கேதான் போனது.

சிஸ்டர் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மடத்தில் சேர்கிற அன்றைக்கு அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்ததையும், பஸ் கிளம்பியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததையும் சொன்னார்.

"அப்புறம் சிஸ்டர்?"

கேட்டுவிட்டு அடுத்த கீயைத் தேடினார்.

"அப்புறம்?" என்று இன்னாசிமுத்து நிமிர்ந்தார். சிஸ்டருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எப்ப நிறுத்தினீங்க சிஸ்டர்?"

"நீங்க கீயைத் தேட ஆரம்பிச்சப்பவே."

பாய் "சார், பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை பாக்க மாட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே டீ சொல்லப் போனார்.

கீழ்த் தட்டில் கறுப்பாக ஒன்று கிடந்தது. இன்னாசிமுத்துதான் அதை எடுத்தார். ஒற்றைக் கையில் வந்தது. திரும்பி வந்த பாய் பதறிவிட்டார்.

"அது வேணாம் சார். ஒரு பத்திரிகைக்காரர் ராப்பகலா அடிச்சுத் தேச்சது. கீயில பாருங்க, ஒரு எழுத்துகூட மிச்சம் இல்ல. வெளிச்சத்துல வச்சா ஸ்கிரீனும் தெரியாது. நானே வெக்கப்பட்டுத்தான் கீழ வச்சிருக்கேன்."

"ஓடுமா?"

"நல்லா ஓடும். பொய் சொல்ல மாட்டேன். பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன்."

இன்னாசிமுத்து மடியில் வைத்தார். உறுத்தவில்லை. விரலை வைத்தார். ஒவ்வொரு கீயும் விரல் நுனிக்கென்று குழிந்த மாதிரி, அழுத்தினால் உள்ளே போய்த் தானே மேலே வந்தது. சத்தமே இல்லை. யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் தட்டித் தட்டிப் பழக்கி வைத்த கை வாகு. அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு அவர் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

சிஸ்டர் எதிரே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இன்னாசிமுத்து கீழே பார்த்தார். கீ எல்லாம் வெறும் கறுப்பு. ஸ்கிரீனைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அது சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது. பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் எதிரே பார்த்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த ஆறு மாதத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது. கண்ணுக்கு அடியில் கறுத்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"சிஸ்டர், உங்களுக்குப் பல்லு வலிக்குதா?"

"மூணு நாளா" என்றார் சிஸ்டர். "பாய், இதைக் கட்டுங்க."

"ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன் சிஸ்டர். எழுத்தாவது தெரியும்."

"வேணாம் பாய்."

"காசு இல்ல, சும்மாதான்."

"சும்மாவும் வேணாம்."

புதன்கிழமை காலையில் இன்னாசிமுத்து ஏழாம் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளைச்சாமி சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா."

"எத்தனை தடவ சொல்ல? தொண்ட போச்சு."

"இந்தத் தடவை நான் எங்கயும் எந்திரிச்சுப் போகல. இங்கயேதான் இருக்கேன்."

வெள்ளைச்சாமி மெதுவாகத் திரும்பினார். இன்னாசிமுத்துவின் கண் பழக்கத்தில் கீழே போனது. அங்கே கறுப்பு. மறுபடி மேலே வந்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி," என்றார் வெள்ளைச்சாமி. குரல் இல்லை, வெறும் மூச்சு. "பாப்பாவ இத்தனூண்டு குடுத்தேன்."

போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையும் வெளியே வந்தன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்து, நடுவே ஒரு முழம் விட்டு நின்றன. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை கிடப்பது போலவே இருந்தது.

"இத்தாம் பெரிசா குடுத்தீக."

வலது கை படுத்த வாக்கிலேயே தலைக்கு மேலே போனது. கட்டில் கம்பியைத் தொட்டது. அதோடு நிற்கவில்லை. எட்டி, எக்கி, கம்பியைத் தாண்டி இன்னும் ஒரு சாண் போனது. அப்புறம் விழுந்துவிட்டது.

"அம்புட்டுத்தேன்."

இன்னாசிமுத்து, தன் விரல் அசைந்ததைத் தானே உணரவில்லை என்று பிறகு சொன்னாராம். ஸ்கிரீனை நிழலுக்குச் சாய்த்து வாசித்தார்.

"அண்ணி. பாப்பாவ ஒரு முழம் குடுத்தேன். என் தலைக்கு மேல ஒரு சாண் கூடக் குடுத்தீக."

வெள்ளைச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"கீழ என்ன பேரு போட? வெள்ளைச்சாமின்னா?"

"வெள்ளைன்னு போடுங்க. அண்ணிக்கு நான் வெள்ளதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இது என் கடுதாசி."

மத்தியானத் தபாலில் கடிதம் போனது. வியாழக்கிழமை டாக்டர் வந்தார், குழாய் வைத்தார்.

அடுத்த வாரமே சாத்தூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. பெரிய பெரிய எழுத்தாகக் கோணலும் மாணலுமாக அந்த அம்மாவே எழுதியிருந்தார். இன்னாசிமுத்து ஏழாம் கட்டிலுக்கு எடுத்துப் போய் வாசித்தார்.

"வெள்ளை. ஒரு முழம் எங்க இருந்தா? முக்கா முழந்தான். நீ எங்க பாத்த, லாரி ஏறிட்ட. பஞ்சில சுத்தி வச்சிருந்தேன்."

வெள்ளைச்சாமி சிரித்தார். சத்தம் வரவில்லை, குழாயில் காற்றுதான் வந்தது. ஆனால் தோள் இரண்டும் குலுங்கின, கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் என்னமோ ஏதோ என்று மணியை அடித்துவிட்டார். கார்டை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டவர், பன்னிரண்டு நாள் கழித்து ஆண்டவரிடம் போகிற வரைக்கும் யாரிடமும் கொடுக்கவில்லையாம்.

அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று மாலை, வார்டில் சிஸ்டர் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். இன்னாசிமுத்து மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், முப்பத்திரண்டு வருஷத்துல எத்தனையோ பேரு கூண்டுல ஏறி, இப்படி கையக் காட்டிக் காட்டிச் சொல்லியிருப்பாங்க. ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. அவங்களுக்கெல்லாம் இனிமே நான் எப்படிச் செபிப்பேன்?"

சிஸ்டர் விரிப்பின் மூலையைச் சரியாகச் செருகினார்.

"மூணாம் கட்டிலுக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க ஐயா. பேரு இன்னும் தெரியல. நீங்க ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுடாதீங்க. வெளிச்சம் அவங்க முகத்துல விழணும்."

கித்தேரி அக்கா இவ்வளவுதான் சொன்னார். கேட்ட உங்களிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுதல். இன்றைக்குச் செபிக்கும்போது, இன்னாசிமுத்து சாருடைய பத்து விரலுக்காக ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்கள்.